எந்த வளைவில் கட்டட்டும்?

நகச்சுற்றுக்காக ஆஸ்பத்திரியில் கிடந்தேன் என்று சொன்னால் கேட்கிறவர்கள் முதலில் சிரிக்கிறார்கள். கல்கத்தாவில் காலராவில் விழுந்து எழுந்தவனுக்கு ஒரு மரியாதை உண்டு. மலேரியா என்றால்கூட நாற்காலியை இழுத்துப்போட்டு விசாரிப்பார்கள். நகச்சுற்றா? "எலுமிச்சம்பழத்தைச் செருகிக்கிட வேண்டியதுதானே" என்பார்கள். செருகிக்கொண்டேன். அதனால்தான் இதை எழுதுகிறேன். விரல்நுனி விண்விண்ணென்று தெறித்து, வலி உள்ளங்கைக்கு இறங்கினால் பழத்தைத் தேடாதீர்கள், டாக்டரைத் தேடுங்கள். புத்திமதி இவ்வளவுதான். மற்றதெல்லாம் எனக்கு நடந்தது.

கிளைவ் தெருவில் ஒரு சணல் கம்பெனியில் நான் டைப்பிஸ்டு. திருநெல்வேலியில் மெட்ரிகுலேஷன் தேறி, பட்டணத்தில் பத்து விரலாலும் பார்க்காமல் அடிக்கக் கற்றுக்கொண்டு, ரயிலேறி வந்தவன். டைப் மிஷின்மேல் எனக்கு இருந்தது பிரியம் இல்லை, பித்து. இன்னும் கொஞ்ச காலத்தில் பேனா என்பது காதுக்குப் பின்னால் செருகிக்கொள்ளும் அலங்காரமாகிவிடும் என்று அத்தானிடம் தினமும் சொல்வேன். அக்காவும் பிள்ளைகளும் ஊரில் இருக்க, அத்தான் பவானிப்பூரில் ஓர் அறை எடுத்துத் தங்கியிருந்தார். நானும் அதே அறையில்தான். அலிப்பூர் கோர்ட்டில் நகல் எழுதுவது அவருக்கு வேலை. அவர் இங்கிலீஷ் எழுத்து அச்சுக் கோத்ததுபோல் இருக்கும். அவரிடம்போய்ப் பேனா செத்தது என்று சொல்வதில் எனக்கு ஒரு சந்தோஷம்.

"நீ சாவடிச்சது போதும், சோத்தத் தின்னு" என்பார். அவ்வளவுதான் அவர் வாதம்.

மிஷினில் e, o, a எழுத்துகளின் வயிற்றில் ரிப்பன் மை அடைத்துக்கொள்ளும். அப்புறம் காகிதத்தில் வட்டம் வட்டமாகக் கறுப்புப் பொட்டுதான் விழும். டைப்பிஸ்டுகள் எல்லோரும் செய்வதுபோல நானும் குண்டூசியால் நோண்டி எடுப்பேன். ஒரு நாள் ஊசி சறுக்கி வலது கை ஆள்காட்டி விரல் நுனியில் ஏறியது. வாயில் வைத்துச் சப்பிவிட்டு மிச்சக் கடிதங்களை அடித்து முடித்தேன். மறுநாள் விரல் சிவந்தது. அத்தான் எலுமிச்சம்பழத்தில் துளைபோட்டு, உள்ளே மஞ்சளும் உப்பும் அடைத்து விரலில் மாட்டிவிட்டார். அந்தப் பழத்தோடேயே ஆபீஸ் போனேன். மீதி ஒன்பது விரலால் அடித்தேன். கம்பெனித் துரை எட்டிப்பார்த்து, "இன்றைக்கு என்ன, காய்கறி வியாபாரமா?" என்றார். ஆபீஸ் முழுக்கச் சிரித்தது. நானும் சிரித்தேன்.

பழத்தை மாற்றி மாற்றி மாட்டினோம். ஒரு காலையில் விரலை மடக்கவும் முடியவில்லை, நீட்டவும் முடியவில்லை. உடம்பு நெருப்பாய்க் கொதித்தது. அத்தான் சட்டையை மாட்டிக்கொண்டு வண்டி பிடித்தார்.

ஆஸ்பத்திரியின் வெளித் தாழ்வாரத்தில் எங்களுக்கு முன்னால் பெரிய கூட்டம். வாந்தி, சீழ், பினாயில் எல்லாம் கலந்த ஒரு வாடை. எங்கள் முறை வந்தபோது இளவயது டாக்டர் ஒருவர், கோஷால் என்று பேர், என் விரலைப் பார்த்துவிட்டு முகர்ந்தார்.

"ஏ கீ? லேபு?" என்று சிரித்தார். இதென்ன, எலுமிச்சையா என்று அர்த்தம். பிறகு சிரிப்பு நின்றுவிட்டது. இங்கிலீஷில் எனக்கு விளக்கினார். விரலை மடக்குவது ஒரு நரம்புக் கயிறு. அது ஒரு குழாய்க்குள்ளே வழுக்கி ஓடுகிறது. சீழ் அந்தக் குழாய்க்குள் புகுந்துவிட்டது. கிழித்து வடிக்க வேண்டும். இல்லாவிட்டால் விரல் போகும். இன்னும் தாமதித்தால் கையே போகும்.

"நான் டைப்பிஸ்டு" என்றேன்.

"அது சீழுக்குத் தெரியாது" என்றார்.

மயக்க மருந்து கொடுக்கச் சம்மதம் என்று நான் கையெழுத்துப் போட வேண்டுமாம். குமாஸ்தா பேனாவை நீட்டினார். நான் வீங்கிய கையைக் காட்டினேன். அவர் அலுத்துக்கொண்டு மைப்பெட்டியைத் திறந்து, என் இடது கைக் கட்டைவிரலைப் பிடித்து அழுத்தி, காகிதத்தில் பதித்தார். மெட்ரிகுலேஷன் தேறியவன் என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிட்டார். அன்றைக்கு வலியைவிட அதுதான் பெரிதாகப் பட்டது, நம்ப மாட்டீர்கள்.

கிளோரோபாரம் என்பது தித்திப்பான ஒரு மூச்சுத் திணறல். எண்ணச் சொன்னார்கள். நான் எண்ணவில்லையாம், மிஷின் வரிசையில் இருக்கும் எழுத்துகளைச் சொன்னேனாம். பிறகு கோஷால் டாக்டரே சொன்னார்.

கண் விழித்தபோது கை ஒரு பெரிய பொட்டலமாக இருந்தது. விரலின் இரண்டு பக்கமும் கிழித்து, உள்ளே துணித்திரி செருகியிருந்தார்கள், சீழ் அதன் வழியாக வடிவதற்கு. தினமும் காலையில் திரியை உருவிவிட்டுப் புதுத் திரி வைப்பார்கள். உருவும்போது எங்கேயோ முழங்கைக்குள்ளிருந்து உருவுவதுபோல இருக்கும். பிறகு கார்பாலிக் கலந்த வெந்நீர்த் தொட்டியில் கையை ஊறப்போட வேண்டும். மணிக்கட்டிலிருந்து மேலே ஒரு செங்கோடு ஓடியிருந்தது. அது எதுவரை போயிருக்கிறது என்று டாக்டர் மைப்பென்சிலால் என் கைமேலேயே கோடு கிழித்துவிட்டுப் போவார். மறுநாள் சிவப்பு அந்தக் கோட்டைத் தாண்டியிருக்கிறதா என்று பார்ப்பார். டாக்டர் வருமுன் நான் பார்ப்பேன். முழங்கைக்குக் கீழே ஒரு கோடு. அதற்கு மேலே இன்னொரு கோடு. மூன்றாவது கோடு போட வேண்டியிருக்கவில்லை. காய்ச்சல் இறங்கியது.

விரல் தப்பிவிட்டது என்று நினைத்தேன்.

காய்ச்சல் இறங்கின பிறகுதான் ஆஸ்பத்திரி என்னவென்று தெரிந்தது. பெரிய கூடம், இரண்டு பக்கமும் கட்டில். எல்லோரும் வங்காளியில் முனகினார்கள். எனக்குத் தெரிந்த வங்காளியில் டிராம் ஏறலாம், கத்தரிக்காய் வாங்கலாம். வலியைச் சொல்ல முடியாது. நர்ஸுகள் வெள்ளைக்காரிகள். சாப்பாட்டில் மீன் வாடை அடித்தது. நாங்கள் சைவம். எனக்கென்று அவித்த உருளைக்கிழங்கும் சோறும் பாலும் கொடுத்தார்கள். ஞாயிற்றுக்கிழமை மட்டும் அத்தான் தூக்குச்சட்டியோடு வருவார். ரசத்தில் புளி தூக்கலாக இருக்கும், தாளிதம் கருகியிருக்கும். அக்கா ருசி பார்த்தால் தலையில் அடித்துக்கொள்வாள். நான் சட்டியை வழித்துக் குடித்தேன். அவர் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, "எப்படில இருக்கு, சுப்பையா?" என்பார். "இருக்கு அத்தான்" என்பேன். மணி அடித்ததும் எழுந்துபோய்விடுவார். அடுத்த ஞாயிறு வரைக்கும் எனக்குத் தமிழ் கிடையாது.

பக்கத்துக் கட்டிலில் ஹரிபதோ என்று ஓர் ஆள். சாந்த்ராகாச்சி ரயில் முற்றத்தில் பெட்டிகளைக் கோத்துவிடுகிற வேலை. இரண்டு பெட்டிக்கு நடுவில் பாதம் நசுங்கி வந்திருந்தார். வாய் மட்டும் நசுங்கவில்லை.

"மாத்ராஜி பாபு, காய்ச்சலில் யாருக்கு அவ்வளவு கடிதம் போட்டாய்? 'டியர் சார்ஸ், டியர் சார்ஸ்' என்று ஒரே கூச்சல். நான் தூங்கவே இல்லை."

"வேறே ஒன்றும் சொல்லவில்லையா?"

"கடைசியில் 'யுவர்ஸ் பெயித்புல்லி' என்றாய். சரி, ஆள் போய்விட்டான் என்று நினைத்தேன்."

திரி வைப்பதை நிறுத்தின அன்று கோஷால் டாக்டர் கட்டில் பக்கத்தில் நின்று, தயங்கித் தயங்கிச் சொன்னார். விரலை மடக்குகிற அந்தக் கயிறு சீழில் அழுகிப்போய்விட்டது. விரல் இருக்கும், ஆனால் இனி மடங்காது. புண் ஆறும்போது எந்த நிலையில் கட்டி வைக்கிறோமோ அந்த நிலையிலேயே கட்டைபோல இறுகிவிடும்.

"பெரிய டாக்டர் துரை சாந்துக் கட்டுப் போடச் சொல்லிவிட்டார். மாவைக் குழைத்துத் துணியோடு சுற்றினால் கல்லாக இறுகும். அதற்கு முன்னால் நீ சொல்ல வேண்டும், எந்த வளைவில் கட்டட்டும்? கொஞ்சம் நீட்டி வைத்தால் மிஷினின் எழுத்துக் கட்டையை அடிக்கலாம். பேனா நிற்காது. கட்டைவிரலைப் பார்த்து வளைத்து வைத்தால் பேனா பிடிக்கலாம். மிஷினில் அது குறுக்கே தடுக்கும். இரண்டும் வேண்டும் என்று கேட்காதே. இரண்டும் இல்லை."

"மிஷின்" என்றேன், அவர் முடிக்குமுன்பே.

"யோசித்துச் சொல். இன்னும் புண் வற்ற வேண்டும்."

"யோசிக்க ஒன்றுமில்லை."

ஹரிபதோவுக்கு இதைப் பாதி வங்காளியில் பாதி சைகையில் சொன்னேன். அவர் தன் பாதக் கட்டைப் பார்த்தார். "கொடுத்து வைத்தவன். உன்னிடம் கேட்கவாவது கேட்கிறார்கள். என் காலை எந்த வடிவத்தில் வேண்டும் என்று எவன் கேட்டான்?"

நான் சும்மா இருக்கத் தெரியாதவன். இடது கையை வைத்துச் சோதனை ஆரம்பித்தேன். இடது ஆள்காட்டி விரலை ஒரு பல் குச்சியோடு சேர்த்து நூலால் கட்டி, நீட்டி வைத்துக்கொண்டு போர்வைமேல் மிஷின் வரிசையை நினைத்துத் தட்டினேன். அருமையாக எட்டியது. பிறகு குச்சியை அவிழ்த்து, விரலைக் கொக்கிபோல வைத்துக்கொண்டு தட்டினேன். நகம்தான் விழுந்தது, அதுவும் கீழ் வரிசையில். சந்தேகமே இல்லை. மிஷின்தான். நாள் முழுக்கப் போர்வையில் அடித்துக்கொண்டிருந்தேன். தங்கள் கடிதம் கிடைத்தது. சணல் விலை ஏறியிருக்கிறது. தங்கள் பதிலை ஆவலோடு எதிர்பார்க்கிறோம். எல்லாம் இங்கிலீஷில். எல்லாம் கம்பெனி வார்த்தை.

அப்புறம் வந்த ஞாயிற்றுக்கிழமை மழை. பவானிப்பூர் பக்கம் தெருவெல்லாம் தண்ணீர் நின்று டிராம் ஓடவில்லை என்று நர்ஸ் சொன்னாள். நான் வாசலைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். பார்க்க வந்த ஒன்றிரண்டு பேர் நனைந்த குடையோடு அவரவர் கட்டிலுக்குப் போனார்கள். ஹரிபதோவின் மனைவிகூட முழங்கால் வரைக்கும் சேற்றோடு எப்படியோ வந்துவிட்டாள். அத்தான் வரவில்லை. மணி அடித்தது.

அன்று சாயங்காலம் பேச வேண்டும்போல இருந்தது. என்ன பேச வேண்டும் என்றுகூடத் தெரியவில்லை. யாரிடமாவது தமிழில். அக்காவிடம் என்று வைத்துக்கொண்டேன். விரல்கள் தாமாகப் போர்வைக்குப் போயின. 'a' தட்டினேன். இரண்டு 'k' தட்டினேன். இன்னொரு 'a'. மேலே போனேன். இங்கிலீஷ் எழுத்தில் தமிழ் வார்த்தை. மனசுக்குள் படித்துப் பார்த்தால், பங்களாத் துரை தன் பட்லரோடு பேசுகிற தமிழ்போல இருந்தது. எனக்கே சிரிப்பு வந்தது. ஹரிபதோ திரும்பிப் பார்த்தார்.

சரி, தமிழுக்கே ஒரு மிஷின் செய்தால் என்ன? அந்தக் கணமே உற்சாகம் வந்துவிட்டது. காலுக்கு ஒரு கட்டை, கொம்புக்கு ஒரு கட்டை, புள்ளிக்கு ஒரு கட்டை என்று போர்வையில் இடம் ஒதுக்கினேன். போர்வை போதாமல் தலையணைக்கு ஏறினேன். கு, மு, பு என்று ஒவ்வொன்றும் ஒவ்வொரு மாதிரி வாலை நீட்டவே, அங்கே நின்றுபோனேன். எவனாவது கெட்டிக்காரன் ஒரு நாள் செய்வான். செய்யாமல் இருக்க மாட்டான். ஆனால் எனக்கு அன்று சாயங்காலம் வேண்டியிருந்தது.

காய்ச்சல் அட்டையில் குறிக்கிற பென்சில் கட்டிலில் தொங்கியது. அதை இடது கையில் எடுத்து ஒரு பிஸ்கட் காகிதத்தின் பின்பக்கம் எழுதினேன். 'அ' போட்டு முடிப்பதற்குள் வியர்த்தது. ஒரு வார்த்தை முடிவதற்குள் சொல்ல நினைத்தது எங்கோ போய்விட்டது. இடது கை பழகும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். பழகும்தான். ஆனால் என் மனசு அவ்வளவு நேரம் நிற்காது. அது எப்போதும் ஓடுகிற மனசு. மிஷினை நான் விரும்பியதே அது என்னோடு ஓடுகிறது என்பதால்தான். இப்போது பார்த்தால், அது ஓடியதெல்லாம் கம்பெனியின் மனசோடு. எனக்கென்று ஒரு வரிகூட அதில் அடித்ததில்லை, அடிக்கவும் முடியாது.

விளக்கேற்றுகிறவன் வந்து போனான். நான் காகிதத்தை மடித்துத் தலையணைக்குக் கீழே வைத்துக்கொண்டு படுத்தேன்.

அடுத்த ஞாயிறு அத்தான் வந்தார். சட்டியைத் திறக்குமுன் டாக்டர் கேட்டதையெல்லாம் சொல்லிவிட்டு, என் முடிவையும் சொன்னேன்.

"அத்தான், பேனாப் பக்கமா வளச்சுக் கட்டச் சொல்லப்போறேன்."

அவர் சட்டி மூடியைக் கையில் வைத்துக்கொண்டே நின்றார். "எதுக்கு மாப்ளே?"

"எழுதணும்."

"எழுதி? நான் எழுதுதேன்லா, இத்தன வருஷமா. என்ன கண்டேன்? முதுகு வளஞ்சதுதான் மிச்சம். எங்க ஆபீசுலயும் மிஷின் வந்தாச்சு. அதுல உக்காந்திருக்கவன் நிமுந்து உக்காந்திருக்கான்."

"நீங்கதான மிஷின் சத்தம் கேட்டா தல வலிக்கின்னு சொல்லுவிய?"

"தலவலி எனக்கு. சம்பளம் ஒனக்கு. ரெண்டயும் போட்டுக் கொழப்பாத." குரலைத் தாழ்த்தினார். "ஏல, விரல் போன பெறகு ஒங்க துரை எடத்த வச்சிக்கிட்டு இருப்பானா? மிஷின் அடிக்க முடியும்னா ஏதோ இரக்கப்படுவான். இந்த ஊர்ல எழுதத் தெரிஞ்சவன் தெருவுக்கு நூறு பேரு."

"தமிழ்ல எழுதுறவன்?"

"தமிழ்ல எழுதி யாருக்கு அனுப்பப்போற?"

"இங்கன பேச ஆளே இல்ல அத்தான்" என்றேன். சொன்ன பிறகுதான் அது பதில் இல்லை என்று தெரிந்தது. போர்வையை இழுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டேன். அத்தான் சுற்றுமுற்றும் பார்த்தார். ஹரிபதோ நாகரிகமாகக் கண்ணை மூடிக்கொண்டார்.

"போன வாரம் தண்ணில நடந்தே வரப் பார்த்தேன்" என்றார் அத்தான். "பாலத்துக்கிட்ட இடுப்பளவு. திரும்பிட்டேன்." பிறகு ரசத்தை ஊற்றினார். "சாப்புடு. ஆறிப்போச்சு."

மணி அடித்ததும் சட்டியை எடுத்துக்கொண்டு எழுந்துபோனார்.

மறுநாள் கோஷால் டாக்டர் சாந்து மாவோடு வந்தார். நான் சொன்னதும் மாவைக் கீழே வைத்தார். "மிஷின் என்றாய். யோசிக்க ஒன்றுமில்லை என்றாய்."

"இப்போது யோசித்தேன்."

"நாளைக்கு வேறு மாதிரி யோசிக்க மாட்டாயே? இறுகின பிறகு உடைக்க மாட்டேன்."

"மாட்டேன்."

அவர் தன் சட்டைப்பையிலிருந்து ஒரு பென்சிலை எடுத்து, என் செத்த விரலை மெதுவாக அதன்மேல் படியவைத்து, கட்டைவிரலைக் கொண்டுவந்து சேர்த்தார். "சரியா? இன்னும் கொஞ்சம்? சொல், இது உன் கை." இன்னும் ஒரு நூலளவு என்றேன். வலித்தது. ஈரத் துணியைச் சுற்றினார். சாந்து முதலில் சூடாகி, பிறகு குளிர்ந்து, கனத்தது. ஹரிபதோ எட்டிப் பார்த்து, "இப்போது அடுத்த கடிதத்தை எனக்குப் போடு" என்றார்.

கட்டைப் பிரித்தபோது விரல் தோலுரிந்த கொக்கிபோல இருந்தது. அசைத்தேன், அசையவில்லை. தெரிந்ததுதான். இருந்தாலும் அசைத்துப் பார்க்காமல் இருக்க முடியவில்லை.

ஆபீசில் என் மிஷினுக்கு முன்னால் கும்பகோணத்துக்காரர் ஒருவர் உட்கார்ந்திருந்தார். நல்ல மனிதர், எழுந்து இடம் கொடுத்தார். துரை ஒரு கடிதத்தை அடித்துக் காட்டச் சொன்னார். வளைந்த விரலைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஒன்பது விரலால் அடித்தேன். ஒவ்வொரு வரியிலும் அது இறங்கி வந்து ஒரு கட்டையைத் தட்டிவிட்டது. துரை நல்லவர்தான்; காகிதத்தைப் பார்த்தார், என்னைப் பார்க்கவில்லை. வேலை போகவில்லை. வந்த தபாலைப் புத்தகத்தில் பதிகிற மேஜைக்கு மாற்றிவிட்டார். சம்பளம் இறங்கியது. நான் உட்கார்ந்த இடத்திலிருந்து மிஷின் சத்தம் நன்றாகக் கேட்கும். கும்பகோணத்துக்காரர் நடுவில் தடுமாறினால் எந்த விரல் தப்பாகப் போயிற்று என்று எனக்குத் தெரியும்.

அன்று அறைக்குத் திரும்பியபோது அத்தான் பாயில் உட்கார்ந்து அக்காவுக்குக் கடிதம் எழுதிக்கொண்டிருந்தார். "என்ன சொன்னான்?" என்றார். சொன்னேன். தலையை ஆட்டினார். திட்டுவார் என்று நின்றேன். அவர் பேனாவை மையில் தோய்த்து என்னிடம் நீட்டினார்.

"மிச்சத்த நீ எழுது."

விரல் பேனாவில் பொருந்தி உட்கார்ந்தது. ஆனால் விரல் ஓடவில்லை. முழுக் கையும் தோளிலிருந்து ஓட வேண்டியிருந்தது. 'அக்காவுக்கு, நான் சுகமாக இருக்கிறேன்' என்று தொடங்கினேன். பிறகு நான் நினைத்தது நிற்காமல் வந்தது: மழை, உருளைக்கிழங்கு, அத்தான் ரசம், எல்லாம். கையைவிட மனசு கொஞ்சம்தான் முந்தி ஓடியது. நிறுத்திப் பார்த்தபோது எனக்குப் பகீரென்றது. எழுத்தெல்லாம் குண்டு குண்டாக, இடது பக்கம் சாய்ந்து, யாரோ எழுதியதுபோல இருந்தது. என் எழுத்து அப்படி இருக்காது. என் எழுத்து ஊசிபோல வலது பக்கம் சாயும். கடித உறையைப் பார்த்தே என்னுடையது என்று அக்கா சொல்லிவிடுவாள்.

அத்தான் வாங்கிப் படித்தார். "இது யாரு எழுத்துல?"

"என்னதுதான்."

"அவ நம்பமாட்டா. நான் ஆள் வச்சு எழுதியிருக்கேன், நீ செத்தே போயிட்டேன்னு ஊரக் கூட்டிருவா."

பேனாவை வாங்கினார். என் கடைசி வரிக்குக் கீழே ஒரு கோடு கிழித்தார். கோர்ட்டு நகல்களின் அடியில் போடுகிற அதே நிமிர்ந்த எழுத்தில், அதே நிதானத்தில், எழுதினார்: 'மேற்கண்ட வரிகள் சுப்பையா தன் வலது கையால், என் முன்னிலையில் எழுதியவை. ஆள் உயிரோடு சௌக்கியம்.' கீழே தன் கையெழுத்தைப் போட்டு, ஊதிக் காயவைத்து, மடித்தார்.